அப்பா அம்மாவோடு இலை நிறம் மாறுவதைப் பார்க்க நியூஜெர்சியிலிருந்து எங்கே போகலாம்?

எடிசன்வாசி:

வணக்கம். அப்பா அம்மா செப்டம்பர் கடைசியில் கோவில்பட்டியிலிருந்து வருகிறார்கள், நவம்பர் முதல் வாரம் வரை இருப்பார்கள். இலை நிறம் மாறும் சமயம் என்பதால் இரண்டு மூன்று நாள் தங்குகிற மாதிரி ஒரு பயணமும், காலையில் போய் ராத்திரி திரும்புகிற மாதிரி ஒன்றும் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி. கால் மைல் நடப்பதே அதிகம், படி ஏறவே முடியாது. அப்பா நன்றாக நடப்பார், ஆனால் "உதிரப்போற இலையைப் பார்க்க ஆறு மணி நேரம் கார்ல போகணுமா, நம்ம வீட்டு வேப்பமரம் வருஷா வருஷம் கொட்டுது, நான்தான் கூட்டுறேன்" என்று போனிலேயே ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேரும் சுத்த சைவம்.

ஆபீஸில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நியூஹாம்ப்ஷயரில் கேங்கமாகஸ் ரோடு, அக்டோபர் இரண்டாவது திங்களோடு சேர்ந்து வரும் கொலம்பஸ் டே லாங் வீக்கெண்டில் போனால்தான் உச்சம் என்கிறார் ஒருவர், அந்த மூன்று நாளும் அந்தப் பக்கம் தலை வைத்தே படுக்காதே என்கிறார் இன்னொருவர். எந்தத் தேதிக்கு எந்த ஊரில் ரூம் போடுவது?

மலைப்பாதை:

தேதியை முதலில் பிடிக்காதீர்கள், ஊர்களின் வரிசையைப் பிடியுங்கள். நிறம் வடக்கிலிருந்து தெற்கே வரும், மலை உச்சியிலிருந்து கீழே இறங்கும். அடிரான்டாக்ஸ், வெர்மான்ட்டின் வடபகுதி, நியூஹாம்ப்ஷயர் வெள்ளை மலைகள் எல்லாம் செப்டம்பர் கடைசி தொடங்கி அக்டோபர் முதல் பத்துப் பன்னிரண்டு நாளுக்குள். கேட்ஸ்கில்ஸ், பெர்க்‌ஷயர்ஸ் இரண்டாவது வாரத்தை ஒட்டி. ஹட்சன் ஆற்றோரம், டெலவேர் வாட்டர் கேப் மூன்றாவது நான்காவது வாரம். எடிசனில் உங்கள் தெருவிலேயே மாதக் கடைசியில் வந்துவிடும். அவர்கள் நவம்பர் வரை இருப்பதால் எங்காவது ஓரிடத்தில் கண்டிப்பாக மாட்டும், பதறாமல் போடுங்கள்.

அம்மாவை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு நியூயார்க் மாநிலத்தின் ஒயிட்ஃபேஸ் மலைக்கு. லேக் பிளாசிட் பக்கத்தில் வில்மிங்டன் என்ற ஊரிலிருந்து மேலே போக டோல் ரோடு இருக்கிறது, 1935-இல் திறந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே வரை கார் போகும். அங்கே பாறையைக் குடைந்து சுமார் 426 அடிக்கு ஒரு சுரங்க நடைபாதை, அதன் முடிவில் மலைக்குள்ளேயே லிஃப்ட். ஏறி நின்றால் 4,867 அடி உச்சியில் கொண்டுபோய் விடுகிறது. ஒரு படிகூட ஏறாமல் சுற்றிலும் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் காடு, நடுநடுவே ஏரிகள். உங்கள் அப்பா இலையைப் பற்றி என்ன சொன்னாலும் அந்த லிஃப்டைப் பற்றி ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்வார். சுரங்கத்துக்குள் ஈரமும் குளிரும் இருக்கும். அக்டோபர் நடுவில் ரோட்டை மூடிவிடுவார்கள், அதனால் முதல் வாரமே பாருங்கள். கிளம்பும் அன்று காலையில் மேகம் எப்படி, லிஃப்ட் ஓடுகிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், உச்சி மேகத்துக்குள் போய்விட்டால் காசு கொடுத்து வெள்ளைச் சுவரைப் பார்த்த கதைதான்.

சாப்பாட்டுக்குப் போகும் வழியில் ஆல்பனி சுற்றுவட்டாரத்தில் இந்திய ஹோட்டல்கள் உண்டு. அதைத் தாண்டினால் பீட்சாதான், கையில் புளியோதரை இருக்கட்டும்.

நாஷுவா_தமிழன்:

கேங்கமாகஸ் ரோட்டை இப்படி ஒரேயடியாக ஒதுக்கிவிட்டீர்களே! லிங்கனிலிருந்து கான்வே வரை 34.5 மைல். நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது, போனில் சிக்னலும் பெரும்பாலும் கிடையாது. அதுதான் அதன் அழகே, விளம்பரப் பலகைகூட இல்லாமல் காடு மட்டும். ஆனால் லாங் வீக்கெண்டில் வேண்டாம் என்று சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கான்வே பக்கம் இறங்கும் இடத்தில் கார்கள் நின்றது நின்றபடி இருக்கும், ஹோட்டல்காரர்கள் குறைந்தது இரண்டு மூன்று ராத்திரி எடுத்தால்தான் ரூம் என்பார்கள், வாடகையும் அப்படியே ஏறும். அதற்கு முந்தைய வாரம் செவ்வாய் புதன் லீவு போட முடிந்தால் அதே ரோடு வேறு ரோடு.

லிங்கனில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு காலை எட்டு மணிக்கு முன்னால் ஏறிவிடுங்கள். ஹேன்காக், பெமிஜிவாசெட், ஷுகர் ஹில் என்று வழியில் பார்வையிடங்கள் வரும். எல்லாம் கார் நிறுத்தும் இடத்திலேயே, அம்மா இறங்கி நாலு எட்டு வைத்தால் போதும். ஹேன்காக் பக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு, காரில் வாந்தி வருகிறவர்கள் இருந்தால் முன்சீட்டில் உட்கார வையுங்கள். சில இடங்களில் நிறுத்த வனத்துறைக்கு 5 டாலர், அங்கேயே ஒரு கவரில் போட்டு டப்பாவில் விட வேண்டும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பதிவுகளைப் படித்துவிட்டு கேனன் மலை டிராமில், அதாவது கம்பியில் தொங்கிப்போகும் வண்டியில், ஏறலாம் என்று திட்டம் போட்டுவிடாதீர்கள், அதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். லிங்கனிலேயே லூன் மலையில் அதே மாதிரி கம்பியில் போகும் கோண்டோலா இருக்கிறது, அம்மாவை ஏற்றலாம்.

பச்சையம்:

அப்பாவின் வேப்பமரத்துக்கு ஒரு பதில். வேம்பு கொட்டுவது வறண்ட மாதங்களில், பழுத்து மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அதைவிட நம்மூர் வாதாம் மரத்தைச் சொல்லுங்கள், பள்ளிக்கூட மைதானத்தில் நிற்குமே, உதிர்வதற்கு முன்னால் அதன் பெரிய இலை ஒவ்வொன்றாகச் சிவக்கும். அந்த ஒற்றை இலை ஒரு மலை முழுக்க இருந்தால்? அவ்வளவுதான் விஷயம்.

இங்கே குளிருக்கு முன்னால் மரம் பச்சையத்தைச் சிதைத்து அதிலுள்ள சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் இலைக்குள் முன்பே இருந்ததுதான், பச்சை போனதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை, அது அந்தச் சில வாரங்களில் இலையில் தங்கும் சர்க்கரையை வைத்துப் புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு தூக்கலாக வரும், மப்பும் மழையுமான வருஷத்தில் மங்கும். எந்த ஊரில் எப்போது உச்சம் என்று இணையத்தில் வரும் வரைபடங்கள் போன வருஷங்களின் கணக்கையும் வானிலையையும் வைத்து ஊகிப்பவை, வாரத்தைக் காட்டும், நாளைக் காட்டாது. ஒரு ராத்திரி பலத்த காற்றோடு மழை அடித்தால் வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் மலை நேரில் மொட்டையாக நிற்கும். அதனால் கேன்சல் செய்ய முடிகிற ரூமாகப் போடுங்கள்.

வடக்கே தவறிவிட்டால் தெற்கே இறங்குங்கள். வர்ஜீனியாவில் ஷெனண்டோவா, அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை. ஸ்கைலைன் டிரைவ் 105 மைல், மணிக்கு 35 மைல் வேகம்தான், மலை முதுகின் மேலேயே போகிறது, மைலுக்கு ஒன்று இல்லாவிட்டாலும் அதற்குக் கிட்டத்தட்ட பார்வையிடங்கள் உண்டு. முட்டிவலிக்காரர்களுக்கு இதைவிட வசதியான ரோடு எனக்குத் தெரியாது. மேப்பிளைவிட ஓக்கும் ஹிக்கரியும் அதிகம் என்பதால் தீச்சிவப்பு குறைவு, பொன்னிறமும் துருநிறமும் கூடுதல். நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர்.

ஒரு எச்சரிக்கை. அவர்கள் சுற்றுலா விசாவில் வருகிறவர்கள், 2026-இலிருந்து 11 தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். மெய்ன் மாநிலத்தின் அகாடியா அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஷெனண்டோவா இல்லை. யாராவது அகாடியா போ என்றால் இதையும் கணக்கில் வையுங்கள்.

வெர்மான்ட்டில் இன்ஸ்டாகிராம் புகழ் பண்ணை ஒன்று இருக்கிறது, வுட்ஸ்டாக் பக்கம் பாம்ஃப்ரெட்டில். தயவுசெய்து அதைத் தேடிப் போகாதீர்கள். அது தனியார் வீடு. கூட்டம் தாங்காமல் 2023-இல் இலைக்காலம் முழுக்க அந்த கிளவுட்லேண்ட் ரோட்டையே வெளியாட்களுக்கு மூடினார்கள்.

எடிசன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. வாதாம் மரத்தைப் போனில் சொன்னேன், அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "சரி, டிக்கெட் எவ்வளவு?" என்றார். இப்போது அம்மா ஒரு குண்டு போடுகிறார், நயாகரா பார்க்காமல் திரும்பினால் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாதாம்.

அருவிக்கரை:

அந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன், வராத வீடே கிடையாது. நயாகரா போகும் வழியில் லெட்ச்வொர்த் பார்க்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெனசீ ஆறு அறுத்த பெரிய பள்ளத்தாக்கு, மூன்று பெரிய அருவி, பூங்காவின் நீளம் 17 மைல். நடு அருவிக்கு கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், 107 அடி உயரத்திலிருந்து விழுகிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாலே சாரல் முகத்தில் அடிக்கும். இன்ஸ்பிரேஷன் பாயின்ட் என்ற இடத்தில் நின்றால் இரண்டு அருவியும், பின்னால் ரயில் பாலமும், இரு பக்கமும் நிறம் மாறிய காடும் ஒரே பார்வையில். அக்டோபர் நடுவாரம் சரியாக இருக்கும். அங்கிருந்து நயாகரா ஒன்றரை மணி நேரத்துக்குள். நயாகராவில் அருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் படகு நவம்பர் ஆரம்பம் வரை ஓடும். பக்கத்திலேயே ரஷ் என்ற ஊரில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பீடம் இருக்கிறது, அம்மாவிடம் அதையும் சொல்லுங்கள், மறுபேச்சே இருக்காது.

ஒருநாள் பயணத்துக்கு பேர் மவுன்டன். பெர்கின்ஸ் டிரைவில் உச்சி வரை கார் போகும், கீழே ஹட்சன் ஆறு. மாதக் கடைசியில் ஒரு வாரநாள் பாருங்கள், சனி ஞாயிறு என்றால் காலை பத்து மணிக்கே கார் நிறுத்த இடம் இருக்காது.

எடிசன்வாசி:

முடிவு செய்துவிட்டேன். அக்டோபர் நடுவில் லெட்ச்வொர்த், நயாகரா, கோயில். கடைசி வாரம் பேர் மவுன்டன். அவர்கள் வந்த களைப்பு அடங்கியிருந்தால் முதல் வாரமே ஒயிட்ஃபேஸ். கேங்கமாகஸ் எனக்கும் மனைவிக்கும் அடுத்த வருஷம். ஒயிட்ஃபேஸ் மேலே குளிர் எப்படி இருக்கும், ஸ்வெட்டர் போதுமா?

மலைப்பாதை:

போதாது. கீழே வெயில் காய்ந்தாலும் மேலே காற்று பிய்த்தெடுக்கும், சில நாள் செப்டம்பர் கடைசியிலேயே உறைபனி பார்க்கலாம். ஜாக்கெட்டை இங்கே வாங்கிக்கொள்ளலாம், மங்கி கேப்பை மட்டும் அப்பாவை ஊரிலிருந்தே எடுத்து வரச் சொல்லுங்கள்.