படச் சுருக்கத்தைப் பார்த்துக் கட்டுரை சலித்தால் கப்பா குறைகிறது, உதவி தேவை

கேள்வி (மாணவி, பினாங்கு)
வணக்கம். எம்பெடட் மென்பொருள் (கருவிகளுக்குள் பதிந்து இயங்குவது) சோதனை பற்றி முறைசார் இலக்கிய ஆய்வு (வெளிவந்த கட்டுரைகளை விதிப்படி தேடித் தொகுப்பது) செய்கிறேன். ஸ்கோப்பஸ், ஐஇஇஇ எக்ஸ்ப்ளோர் என்ற இரு கட்டுரைத் தரவுத்தளங்களிலும் தேடி, இரட்டிப்பை நீக்கியபின் 640 கட்டுரை. தலைப்பையும் படச் சுருக்கத்தையும் (கட்டுரையின் சாரத்தை ஆசிரியர் ஒரே படமாகத் தருவது) மட்டும் பார்த்து, நானும் தோழியும் தனித்தனியாக முதல் 100-ஐச் சலித்தோம், அதாவது ஆய்வுக்கு எடுப்பதா கழிப்பதா என்று பிரித்தோம். இருவரும் எடுத்தது 12, இருவரும் கழித்தது 70, நான் மட்டும் எடுத்தது 10, அவர் மட்டும் 8. 82 ஒத்துப்போயும் கோஹன் கப்பா (தற்செயல் ஒப்பை நீக்கி இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்று காட்டும் அளவு) 0.46தான். கணக்குப் பிழையா, முறையே பிழையா?

பதில் (கோலாலம்பூர்)
கணக்கு சரிதான் தங்கச்சி. நீங்கள் 22 எடுத்தீர்கள், தோழி 20. தற்செயலாகவே ஒத்துப்போகும் அளவு 0.22×0.20 + 0.78×0.80 = 0.668. பிறகு (0.82−0.668) ÷ (1−0.668) = 0.46. கழிப்பவை மிகுதியாக இருந்தால் சதவீதம் எப்போதும் அழகாகத்தான் தெரியும். லாண்டிஸ், கோக் 1977-இல் தந்த அளவுகோலில் 0.41–0.60 நடுத்தரம்; 0.61-ஐத் தாண்டப் பாருங்கள்.

கோளாறு படத்தில் இருக்கிறது. ஆசிரியர் வரையும் படம் அவருடைய கருவியைக் காட்டும்; அதை எங்கே, எப்படி மதிப்பிட்டார் என்பதைப் பெரும்பாலும் காட்டாது. கருத்தரங்கக் கட்டுரைகள் பலவற்றில் படமே இருக்காது. ஒத்துப்போகாத 18-க்கும் எந்த விதியில் பிரிந்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

மாணவி
எழுதிப் பார்த்தேன் அண்ணா. 13 கட்டுரை "தொழிற்சூழலில் மதிப்பீடு இல்லாதவை" என்ற கழிப்பு விதியில்தான் பிரிகிறது. படத்தையே விட்டுவிடவா?

பதில் (பாயான் லெப்பாஸ்)
விடாதீர்கள், படத்தை நீங்களே வரையுங்கள். எழுத்துச் சுருக்கத்தைப் படித்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரே ஐந்து பெட்டி: சிக்கல், நுட்பம், எதன்மேல் சோதித்தார்கள், எந்தச் சூழல், என்ன அளந்தார்கள். சுருக்கத்தில் இல்லாததை ஊகித்து நிரப்பக்கூடாது. உதாரணமாக, நுட்பம் "மாடல் வழிச் சோதனை", எதன்மேல் "பிரேக் கட்டுப்பாட்டு மென்பொருள்", சூழல் காலி. பிரேக் என்றதும் தொழிற்சாலை என்று கை தானாக எழுதப் போகும்; ஆய்வகத்து மாதிரியாகவும் இருக்கலாம் அல்லவா? காலிப் பெட்டி என்றால் "ஐயம்", கழிப்பு கிடையாது. ஐயமானவற்றுக்கு முழுக்கட்டுரையின் மதிப்பீட்டுப் பகுதியைத் திறந்து பாருங்கள்.

புதிதாக 30 கட்டுரையில் வெள்ளோட்டம் விடுங்கள். பழைய 100-ஐப் பற்றிப் பேசிவிட்டீர்கள், அதில் கப்பா பொய்யாக ஏறும். ஐயத்தையும் ஒரு வகையாக வைத்து 3×3 அட்டவணையில் (எடுப்பு, கழிப்பு, ஐயம்) கப்பாவைக் கணக்கிடுங்கள்.

விஓஎஸ்வியூவர் (கட்டுரைகளில் சேர்ந்து வரும் சொற்களைக் கூட்டங்களாகக் காட்டும் மென்பொருள்) வரைபடத்தை வைத்தும் கழிக்காதீர்கள். ஓரத்தில் தனித்து நிற்கும் சொல் வேறு பெயரில் அதே பொருளாக இருக்கலாம். தெசாரஸ் கோப்பில் (ஒரே பொருள் தரும் சொற்களின் பட்டியல்) அவற்றை இணைத்தபின் பார்த்தால் கூட்டம் மாறும். தேடுசொல் விட்டுப்போயிற்றா என்று பார்க்க அது நல்ல கருவி.

பதில் (கோலாலம்பூர்)
ஒன்று விட்டுப்போயிற்று. இருவரும் சேர்ந்து கழித்த அந்த 70-ஐயும் புதுப் பெட்டிகளோடு மறுபடி சலியுங்கள். இருவரும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே மாதிரி ஏமாந்திருந்தால் கப்பா அதைக் காட்டாது. விதி மாறிய தேதியையும் காரணத்தையும் ஆய்வு நெறிமுறையில் பதிந்துவிடுங்கள்.