டர்பன் பக்கம் இருட்டான வானம் எங்க இருக்கு? தமிழ் வகுப்பு பசங்களுக்கு நட்சத்திரம் காட்டணும்

சாட்ஸ்வொர்த்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் தென் ஆப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த் ஏரியால சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கறேன், எட்டு வயசுல இருந்து பதினாலு வரைக்கும் பசங்க. அசுவினி பரணின்னு ஆரம்பிச்சு ரேவதி வரைக்கும் இருபத்தேழும் மூச்சு விடாம சொல்லுவாங்க, எல்லாருக்கும் அவங்கவங்க ஜென்ம நட்சத்திரமும் தெரியும், கோயில்ல அர்ச்சனைக்கு கேட்டா டக்குன்னு சொல்றாங்க. ஆனா அத வானத்துல பாத்தவங்க ஒருத்தர் கூட இல்ல. எங்க ஊரு வெட்டவெளில நின்னு பாத்தா ஹார்பர் வெளிச்சமும் தெருவிளக்கும்தான், லோட்ஷெடிங்னு கரண்ட் நிறுத்தினப்ப கொஞ்சம் கூடுதலா தெரிஞ்சது அவ்ளோதான்.

ஒரு ராத்திரி இவங்கள எங்கயாவது கூட்டிட்டு போகணும்னு ரொம்ப ஆசை. எங்க போகலாம், எந்த மாசம் நல்லது, அஸ்ட்ரோனமி கிளப்காரங்க பசங்கள சேத்துப்பாங்களா? கமிட்டில ஒரு டெலஸ்கோப் வாங்கித்தர ரெடியா இருக்காங்க, அத மொதல்ல வாங்கணுமா? ராத்திரி வெளிய நிக்கறது சேஃப்டியான்னு பெத்தவங்க கேக்கறாங்க, அதுக்கும் பதில் வேணும்.

பெர்க்_ராத்திரி

டீச்சர், நீங்க கேட்டது எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு, கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

மொதல்ல இடம். கடற்கரைய விடுங்க. டர்பன் கடலோரம் காத்துல ஈரம் ஜாஸ்தி, லென்ஸ்ல பனி புடிச்சுக்கும், டோங்காட் பக்கம் வடக்க போனா கரும்புக்காடு இருட்டாத்தான் இருக்கும் ஆனா வெட்டு சீசன்ல கரும்பு கொளுத்தற புகை வானத்த மூடிடும். உள்ள ஏறுங்க. தெற்கு டிராக்கன்ஸ்பெர்க் மலை, அண்டர்பெர்க் ஹிம்வில் பக்கம், டர்பன்ல இருந்து சுமார் 200 கிலோமீட்டர். உயரம் 1500 மீட்டருக்கு மேல, காத்து காஞ்சு சுத்தமா இருக்கும், மேற்க லெசோத்தோ மலை, அந்தப் பக்கம் பெரிய ஊரே கிடையாது. டர்பன் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வெளிச்சம் கிழக்குல அடிவானத்துல லேசா ஒரு வெளுப்பு மாதிரி தெரியும், அதுக்கு முதுக காட்டிட்டு உக்காந்தா போதும்.

மாசம்னா ஜூன் ஜூலை. நம்ம குவாசுலு-நடால் மாகாணத்துல கோடைலதான் மழை, டிசம்பர் ஜனவரில மத்தியானம் இடி இடிச்சா ராத்திரி வரைக்கும் மேகம் போகாது. குளிர்காலத்துல வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும், ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும், பசங்க தூக்கம் கெடாம பாக்கலாம். ஆகஸ்ட் கடைசில இருந்து புல்லு எரியற புகையும் தூசியும் வந்துரும், அதுக்கு முன்ன முடிச்சிடுங்க. அமாவாசைக்கு முன்ன பின்ன நாலஞ்சு நாளுக்குள்ள இருக்கற வீக்கெண்ட எடுங்க. தேதி பாக்க நமக்கென்ன கஷ்டம், கோயில் காலண்டர்லயே போட்டிருக்கு. ஆனா ஆடி மாச ஞாயித்துக்கிழமையெல்லாம் மாரியம்மன் கூழ் இருக்கும், பாதி குடும்பம் வராது, அதனால ஆனி அமாவாசை ஒட்டி ஸ்கூல் லீவுல வெச்சா எல்லாருக்கும் ஒத்துவரும்.

இப்ப உங்களுக்கு முக்கியமான விஷயம். ஜூலை நடுவுல ராத்திரி ஒம்பது மணிக்கு நீங்க நிமிந்தா தேள் வடிவ நட்சத்திரக் கூட்டம் நேரா உச்சந்தலைக்கு மேல நிக்கும். டர்பன் 30 டிகிரி தெற்கு அட்சரேகைல இருக்கு, கேட்டை வானத்துல 26 டிகிரி தெற்கு, அதனால கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேல வரும், சென்னைல இருந்து பாத்தா இவ்ளோ உயரம் கிடைக்காது. செவப்பா ஒண்ணு பளிச்சுன்னு தெரியும், அதான் கேட்டை. அதுக்கு முன்னால மூணு நாலு நட்சத்திரம் வரிசையா, அது அனுஷம். வால் சுருண்டு முடியற எடத்துல மூலம். மேற்க இறங்கிட்டே வந்தா விசாகம், அப்புறம் வெள்ளை நீலமா சித்திரை. வடமேற்குல தாழ்வா ஆரஞ்சு கலர்ல சுவாதி. கிழக்க போனா பூராடம் உத்திராடம், வடகிழக்குல திருவோணம் எழும்பிட்டு இருக்கும். ஒரே ராத்திரில ஒம்பது நட்சத்திரம், ஒண்ணுக்கும் டெலஸ்கோப் வேண்டாம், டீச்சர் வெறுங்கண்ணு போதும். பசங்க மனப்பாடம் பண்ணின அதே வரிசைல வானத்துல நிக்குது, மேற்குல இருந்து கிழக்க கை காட்டிட்டே போங்க, அவங்களே அடுத்த பேர சொல்லுவாங்க.

தெற்க தென் சிலுவை, பக்கத்துல ஆல்ஃபா செண்டாரி பீட்டா செண்டாரி ரெண்டும். சிலுவைய ஒட்டி பால்வீதில ஒரு கறுப்பு ஓட்டை மாதிரி தெரியும், அது ஓட்டை இல்ல, தூசி மேகம், பின்னாடி இருக்கற வெளிச்சத்த மறைக்குது. சாட்ஸ்வொர்த்ல இருந்து இத யாராலயும் பாக்க முடியாது. ஒமேகா செண்டாரின்னு ஒரு கொத்து, அங்கயே மேல இருக்கு, கண்ணுக்கு ஒரு மங்கலான நட்சத்திரம், அதுல கிட்டத்தட்ட ஒரு கோடி நட்சத்திரம் இருக்கு, பைனாகுலர்ல பாத்தா பஞ்சு உருண்டை.

டெலஸ்கோப் இப்ப வேண்டாம். கமிட்டி காசுல 10×50 பைனாகுலர் நாலஞ்சு வாங்குங்க, பசங்க கைமாத்தி பாப்பாங்க. 525 மடங்குன்னு டப்பா மேல போட்டு விக்கற சின்ன டெலஸ்கோப் பக்கமே போகாதீங்க, 60 மில்லிமீட்டர் லென்ஸ் தாங்கறது அதிகபட்சம் 120 மடங்குதான், ஸ்டாண்டும் ஆடும், பசங்களுக்கு ஆசையே விட்டுப்போயிடும்.

ஜோசி_குமரன்

அண்ணா சொன்னது எல்லாம் சரி, டெலஸ்கோப் விஷயத்துல மட்டும் எனக்கு வேற கருத்து. முப்பது பசங்கள வெச்சுக்கிட்டு சனிக்கிரக வளையம் காட்டாம திருப்பி அனுப்பினா மனசு கேக்காது. வளையம் பைனாகுலர்ல தெரியாது. ஆனா அத நீங்க வாங்க வேண்டியதில்ல, அதுக்குத்தான் கிளப்.

அஸ்ட்ரோனாமிக்கல் சொசைட்டி ஆஃப் சதர்ன் ஆஃப்ரிக்கா, சுருக்கமா அஸ்ஸா, 1922ல ஆரம்பிச்சது, டர்பன்ல ஒரு சென்டர் இருக்கு, ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பிரிட்டோரியா கேப் டவுன்லயும் இருக்கு. அவங்களுக்கு முன்கூட்டியே எழுதுங்க, ஸ்கூல் பசங்கன்னு சொல்லுங்க, எந்த வீக்கெண்டுன்னு ரெண்டு தேதி குடுங்க. இந்த ஆளுங்களுக்கு அடுத்தவங்களுக்கு காட்டறதுலதான் சந்தோஷமே, பிக்கப் வண்டில எட்டு இஞ்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் ஏத்திட்டு வந்து வெச்சிட்டு விடிய விடிய நிப்பாங்க. அங்க ரெண்டு மூணு டெலஸ்கோப்ல கண்ண வெச்சு பாத்தப்புறம் எத வாங்கலாம்னு கமிட்டிக்கு நீங்களே சொல்வீங்க.

வெளிச்சம் பத்தி ஒண்ணு சொல்லணும், பசங்களுக்கும் சொல்லுங்க. எங்க ஜோபர்க்ல அப்சர்வேட்டரின்னு ஒரு ஏரியாவே இருக்கு. அங்க யூனியன் அப்சர்வேட்டரில இருந்துதான் 1915ல ராபர்ட் இன்ஸ் ப்ராக்ஸிமா செண்டாரிய கண்டுபுடிச்சார், சூரியனுக்கு அடுத்தபடியா நமக்கு ரொம்ப கிட்ட இருக்கற நட்சத்திரம், 4.24 ஒளியாண்டு. அப்புறம் ஊரு வளந்து வானம் வெளுத்துப்போச்சு. 1972ல கேப் டவுன் அப்சர்வேட்டரியையும் இதையும் சேத்து ஒரே நிறுவனமா ஆக்கி, முக்கியமான டெலஸ்கோப்புங்கள கரூ வறண்ட பிரதேசத்துல இருக்கற சதர்லேண்டுக்கு கொண்டு போனாங்க, பிரிட்டோரியால இருந்த 74 இஞ்ச் ராட்க்ளிஃப் டெலஸ்கோப் கூட அங்கதான் போச்சு. சயின்டிஸ்டுங்களே இருட்ட தேடி ஊர விட்டு போயிருக்காங்க.

சதர்லேண்ட்ல இப்ப சால்ட்னு ஒரு பெரிய டெலஸ்கோப் இருக்கு, 91 அறுகோண கண்ணாடி சேந்து 11 மீட்டர், 2005ல தொறந்தது, புனேல இருக்கற ஐயுகா வானியல் மையம் கூட அதுல பார்ட்னர். டர்பன்ல இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல, அதனால இந்த வருஷம் உங்களுக்கு டிராக்கன்ஸ்பெர்க்தான். பெரிய பசங்க வளந்து ஆசைப்பட்டா அப்ப பாத்துக்கலாம்.

சாட்ஸ்வொர்த்_டீச்சர்

ரொம்ப நன்றி அண்ணா, தம்பி. ஒம்பது நட்சத்திரம்னு படிச்சதும் எனக்கே கெளம்பணும் போல இருக்கு. ரெண்டு சந்தேகம். கார்த்திகை அந்த லிஸ்ட்ல இல்லையே, வகுப்புல நாலு பேர் கார்த்திகை, அவங்க மொகம் வாடிடும். அப்புறம் ராத்திரி பயணம், குளிர், அத பெத்தவங்களுக்கு என்ன சொல்ல?

மாரிட்ஸ்பர்க்_மீனா

அக்கா, கார்த்திகைக்கு நான் சொல்றேன். ஜூலைல சாயங்காலம் கார்த்திகை கிடையாது, விடியக்காலம் வரும். ராத்திரி தங்கறதா இருந்தா அந்த நாலு பேர மட்டும் விடியறதுக்கு முன்ன அஞ்சு மணி போல எழுப்புங்க, வடகிழக்குல சின்னதா ஆறு நட்சத்திரம் ஒட்டிக்கிட்டு நிக்கும், கண்ணு கூர்மையா இருந்தா ஏழு. மத்தவங்க தூங்கறப்ப இவங்க மட்டும் பாத்தாங்கன்னா அதுவே அவங்களுக்கு பெருமை. இங்க சுலு ஜனங்களும் கோசா ஜனங்களும் இதே கூட்டத்த இசிலிமேலான்னு சொல்வாங்க, குளிர்காலத்துல விடியல்ல அது திரும்ப தெரிஞ்சா நிலத்த கொத்தற காலம் வந்தாச்சுன்னு அர்த்தம். என் பக்கத்து வீட்டு கோகோ (சுலு பாட்டியம்மா) தன் பாட்டி காட்டினதா சொல்லிருக்காங்க. உங்க பசங்களோட ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் வீட்லயும் இத தெரிஞ்ச பெரியவங்க இருப்பாங்க, கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

கார்த்திகை தீபத்தன்னிக்கு பாக்கலாம்னு நினைக்காதீங்க, அன்னிக்கு முழு நிலா அதுக்கு பக்கத்துலயே நிக்கும், வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது. பத்து பன்னெண்டு நாள் தள்ளி மேகம் இல்லாத ராத்திரி ஒம்பது பத்து மணிக்கு வடக்க பாருங்க, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவுல கொஞ்சம் கீழ இருக்கும். இது சாட்ஸ்வொர்த்ல இருந்தே பைனாகுலர்ல தெரியும். அதே மாதிரி தைப்பூசம் சமயத்துல காவடி முடிஞ்சு களைச்சு வீட்டுக்கு வர்றப்ப தெற்க நல்ல உயரத்துல ஒரு பெரிய வெள்ளை நட்சத்திரம் நிக்கும், அதுதான் அகத்தியர், வானத்துலயே ரெண்டாவது பிரகாசமான நட்சத்திரம். தமிழ்நாட்ல அது தாழ்வாத்தான் வரும், நமக்கு இங்க 67 டிகிரி உயரம்.

பெர்க்_ராத்திரி

மீனா அருமையா சொல்லிட்டாங்க. பெத்தவங்களுக்கு நான் சொல்றது: ராத்திரி ரோட்ல இருக்கவே இருக்காதீங்க. ஆர்617 ரோட்ல புல்வர் தாண்டினா மாடு நடுரோட்ல நிக்கும், குழி இருக்கும், திடீர்னு மூடுபனி எறங்கும். மத்தியானமே கெளம்பி வெளிச்சத்துல போய் சேந்துருங்க, கேட் போட்ட கேம்ப்சைட்டோ ஃபார்ம் தங்குமிடமோ எடுங்க, மறுநாள் காலைல சாப்ட்டு திரும்புங்க. ரோட்டோரம் காலி நெலத்துல நிறுத்தி பாக்கறது கூடவே கூடாது, கூட்டமா போனாலும் சரி.

புக் பண்றப்ப ஓனர்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க, வெளி லைட்ட அணைப்பாரா, ஜெனரேட்டர் விளக்கு ராத்திரி எரியுமா. ஒரு எல்ஈடி ஃப்ளட்லைட் எரிஞ்சா அவ்ளோ தூரம் போனது வீண். கண்ணு இருட்டுக்கு பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு பையன் ஃபோன தொறந்தா எல்லாருக்கும் மறுபடி முதல்ல இருந்து. அதனால ஃபோன் எல்லாம் ஒரு பைல போட்டு உங்ககிட்ட, டார்ச்சுக்கு செவப்பு செலோஃபேன் தாள் ரெண்டு மூணு சுத்து ஒட்டிக்கோங்க, வகுப்புலயே பசங்கள வெச்சு ஒட்ட வெக்கலாம்.

குளிர் ஜீரோவுக்கு கீழ போகும். டர்பன் பசங்க டிராக்சூட் போட்டுட்டு வந்து நிப்பாங்க, பத்தவே பத்தாது. பீனி குல்லா, ரெண்டு சாக்ஸ், ஆளுக்கு ஒரு போர்வை, கீழ விரிக்க தார்ப்பாய், அது மேல பழைய கம்பளி. படுத்துக்கிட்டே பாக்கணும், நின்னு பாத்தா பத்து நிமிஷத்துல கழுத்து வலிக்குதும்பாங்க. ஃப்ளாஸ்க்ல மைலோ.

ஜோசி_குமரன்

கிளப்புக்கு எழுதறப்ப எந்த நட்சத்திரம் யாரோடதுன்னு ஒரு லிஸ்டும் அனுப்புங்க டீச்சர். அசுவினில ஆரம்பிச்சு மகம் வரைக்கும் உள்ளவங்களுக்கு கோடை வானம்தான், அவங்களுக்கு டிசம்பர் இல்ல ஜனவரி அமாவாசைக்கு இன்னொரு ராத்திரி இப்பவே பேசி வெச்சிடலாம், மழை வந்தா மாத்த அடுத்த வாரத்துக்கும் சேத்து.

சாட்ஸ்வொர்த்_டீச்சர்

லிஸ்ட் எழுதிட்டேன். பதினோரு பேர் குளிர்கால பக்கம், மத்தவங்க கோடை. கமிட்டிகிட்ட பைனாகுலர்னு சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டாங்க. கிளப்புக்கு இன்னிக்கு ராத்திரி எழுதறேன். அண்டர்பெர்க் பக்கம் வெளி லைட்ட அணைக்கற ஃபார்ம் யாருக்காவது தெரிஞ்சா மெசேஜ் போடுங்க, ரெண்டு கோம்பி வேன் நிறுத்த எடம் வேணும்.