மருத்துவர் வராத நாளில் மருத்துவ உதவியாளர் எதுவரை செய்யலாம்?

கேள்வி (பள்ளத்தூர் அருகிலிருந்து)

வணக்கம். பிசிஷியன் அசிஸ்டென்ட் பட்டப்படிப்பு முடித்து, காரைக்குடியை அடுத்த ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மருத்துவர் வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக வாழும் முதியவர்களே எங்களிடம் அதிகம் வருகிறார்கள். சென்ற மாதம் ஓர் ஆச்சி, சர்க்கரை 300-ஐத் தாண்டிவிட்டதால் இன்சுலினைக் கூட்டித் தரும்படி கேட்டார். மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. நான் அளவை மாற்றாமல், ஆட்டோ பிடித்துக் காரைக்குடி அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தேன். இவ்வளவு படித்தும் இதைக்கூடச் செய்ய முடியாதா என்று நிர்வாகம் கடிந்துகொண்டது. நான் செய்தது சரியா? எங்களுக்குக் கூடுதல் பணிகளைச் சட்டமே அனுமதிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அது தவறான விருப்பமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற அரசு மருத்துவர், தேவகோட்டை)

நீங்கள் செய்தது சரி, அம்மா. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, பதிவுபெற்ற மருத்துவர் அல்லாதவர் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். உங்களைக் கடிந்துகொண்ட நிர்வாகம் அந்த வழக்கில் உங்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கப்போவதில்லை.

சட்டத்தை விடவும் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஆச்சியின் இரவுதான். காலையில் சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டுகிறோம். அவரோ பசியில்லை என்று இரவில் அரை இட்லியோடு படுத்துவிடுகிறார். நள்ளிரவில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, நினைவு தடுமாறும்போது எழுப்பிப் பார்க்க அந்த வீட்டில் ஆளில்லை. சர்க்கரை ஏன் ஏறியது, சிறுநீரில் தொற்றா, காலில் புண்ணா, ஊசியே சரியாக ஏறவில்லையா என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டுவது மருத்துவமே அல்ல.

உங்கள் விருப்பம் தவறில்லை. இந்தியாவில் இந்தப் படிப்பு 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே. எம். செரியன் முயற்சியால் தொடங்கியது. இதய அறுவைச் சிகிச்சை அரங்கில் தேர்ந்த துணைக்கை தேவைப்பட்டதால் பிறந்த படிப்பு அது. மேற்சொன்ன சட்டத்தின் 32-ஆம் பிரிவும், சமுதாய நலப் பணியாளர் என்ற வரையறுக்கப்பட்ட உரிமத்துக்கு இடம் தருகிறது. அவ்வுரிமம் பெற்றவர் ஆரம்ப நிலைச் சிகிச்சையிலும் நோய்த்தடுப்பிலும் மட்டும், குறிப்பிட்ட மருந்துகளைத் தாமாக எழுதலாம். அதை எதிர்த்து மருத்துவர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதிர்த்தவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது என்றாலும், கதவை முழுவதும் அடைத்துவிட்டால் அந்த இடத்தில் போலி மருத்துவர்தான் வந்து உட்காருவார் என்பதைப் பணிக்காலம் முழுதும் கண்டிருக்கிறேன்.

பதில் 2 (கிராம சுகாதார செவிலியர், கோட்டையூர் பக்கம்)

தங்கை, பணியை விரிவாக்குவது எப்படி என்பதற்கு எங்கள் வேலையிலேயே உதாரணம் இருக்கிறது. கர்ப்பிணிக்கு வலிப்பு கண்டால், மக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் தவணையைப் போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப, பயிற்சி பெற்ற துணைச் செவிலியருக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல் அனுமதி தருகிறது. எந்த நிலையில், எவ்வளவு மருந்து, அடுத்து எங்கே அனுப்புவது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், தன்னார்வலர் வீட்டுக்கே சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார், மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்; ஆனால் மாத்திரையை மாற்றுவதில்லை. பயிற்சியும் எழுத்தும் முன்னே வர வேண்டும், வேலை பின்னே வர வேண்டும். உங்கள் மருத்துவமனையில் வேலை மட்டும் வந்திருக்கிறது.

பதில் 3 (கண்டனூரைச் சொந்த ஊராகக் கொண்டவர், இப்போது சிங்கப்பூரில்)

என் ஆத்தாவும் ஊரில் தனியாகத்தான் இருக்கிறார். வாசல் தேடி வந்து பார்க்கும் உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் நாங்கள் இங்கே உறங்குகிறோம். அளவை யார் மாற்றினாலும், மாற்றியவர் பெயரும் பொறுப்பான மருத்துவரின் பெயரும் சீட்டில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

கேட்டவர்

ஐயாவுக்கும், அக்காவுக்கும், அண்ணனுக்கும் நன்றி. நாளை மருத்துவர் வருகிறார். இன்சுலின் நோயாளிகளுக்கு எழுத்தில் குறிப்பு கேட்கப்போகிறேன். ஓர் ஐயம்: குறிப்பின்படி நான் அளவை மாற்றினால், அது அவருடைய உத்தரவா, என் முடிவா?

பதில் 1

அந்த நோயாளியின் பெயரிட்டு, சர்க்கரை இவ்வளவு இருந்தால் இத்தனை யூனிட் என்று தேதியும் கையொப்பமுமாக எழுதியிருந்தால், அது அவருடைய உத்தரவு. எல்லாருக்கும் பொதுவாகச் சுவரில் ஒட்டிய தாளை நான் அப்படி எண்ண மாட்டேன். எந்த அளவைத் தாண்டினால் உடனே அனுப்ப வேண்டும் என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.