அரக்கு பார்டரும் 4 எம்பி படமும்

மாட்டுங்கா ஜவுளி:
மாட்டுங்காவில் எங்களுக்குச் சின்னப் பட்டுப் புடவைக் கடை. இணையதளம் செய்து கொடுத்த பையன் முகப்பில் இருக்கும் 40 படங்களையும் வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றி, தரம் 100க்கு 60 வைத்துச் சுருக்கிவிட்டான். பக்கம் சட்டென்று திறக்கிறது, சரி. ஆனால் இலைப்பச்சைப் புடவையில் அரக்கு பார்டர் ஈஷிக்கொண்டு கிடக்கிறது. “படத்துல பார்த்தது இது இல்லையே” என்று புனேயிலிருந்து ஒரு புடவை திரும்பி வந்துவிட்டது. மூலப் படங்களையே மறுபடி ஏற்றிவிட்டேன், ஒவ்வொன்றும் 4 எம்பி. பட்டு வாங்குகிறவர்கள் கொஞ்சம் காத்திருப்பார்கள்.

தாராவித் தம்பி:
காத்திருக்க மாட்டார்கள் அண்ணாச்சி. மொத்தம் 160 எம்பி! முலுண்டில் லோக்கல் ஏறி, ஒரு கையில் கம்பி, மறு கையில் போன் என்று நிற்கிறவர் குர்லா வருவதற்குள் வேறு கடைக்குப் போயிருப்பார். நிறைய போன்களில் திரையே 1080 பிக்சல் அகலம்தான். நீங்கள் அனுப்புவது 4000க்கு 3000. திரையில் தெரியப்போவது அதில் ஏறக்குறைய பதினாலில் ஒரு பங்கு. நான் தோல் பை விற்கிறேன், ஒரு படமும் 100 கேபியைத் தாண்டாது.

மாட்டுங்கா ஜவுளி:
பை கறுப்பு, இல்லாவிட்டால் பழுப்பு. பட்டு அப்படியா தம்பி?

செம்பூர்க்காரி:
அண்ணாச்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது, காரணம்தான் வேறு. சாதாரண வெப்பி 4:2:0 முறையில் மட்டுமே சேமிக்கும். வெளிச்சத்தைப் பிக்சலுக்குப் பிக்சல் வைத்துக்கொள்ளும். நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகக் கலந்துவிடும். முகம், மலை என்றால் கண்ணுக்குத் தெரியாது. பச்சைக்குப் பக்கத்தில் அரக்கு வந்தால் அந்தக் கோடுதான் முதலில் கரையும். தரத்தை 95க்கு ஏற்றினாலும் இது போகாது. ஜேபெக்கில் 4:4:4, அதாவது நிறத்தையும் பிக்சலுக்குப் பிக்சல் என்று வையுங்கள், ஏவிஃப் (AVIF) என்ற புதிய பட வடிவத்திலும் வைக்கலாம். ஐபோனில் எடுத்த படமா? எந்த எண் எந்த நிறம் என்று படத்தோடு வரும் நிற விவரக்குறிப்பைச் சுருக்கும்போது பிய்த்து எறிந்திருந்தால் நிறம் வெளிறித்தான் தெரியும். முதலில் இணையத்தில் பொதுவாகப் புழங்கும் எஸ்ஆர்ஜிபி (sRGB) நிற முறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

தாராவித் தம்பி:
ஏவிஃப் எல்லாம் வேண்டாம் அக்கா. ஒரு படம் மாற்றுவதற்குள் டீ ஆறிவிடும், பழைய போனில் திறக்காது, அதற்கு மாற்றுப் படம் வேறு வைக்க வேண்டும். அளவைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது.

செம்பூர்க்காரி:
ஒரு தடவை மாற்றப்போகிறோம், அதற்கா அவசரம்? சரி, ஜேபெக்கே போதும். ஆனால் முதல் படத்துக்கு லேசி லோடிங் (படம் திரைக்கு அருகில் வரும்போதுதான் இறக்குவது) போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். கீழே இருக்கும் படங்களுக்குத்தான் அது. ஒவ்வொரு படத்தின் அகலம், உயரம் இரண்டையும் பக்கத்தின் கோடில் எழுதிவைத்தால், படம் வந்து சேரும்போது பக்கமும் குதிக்காது.

மாட்டுங்கா ஜவுளி:
அதே பச்சைப் புடவையை 1200 அகலம், 4:4:4, தரம் 85 என்று பையனிடம் சொல்லி மாற்றினேன். 340 கேபி. பார்டர் பிரிந்து நிற்கிறது. வீட்டம்மா பார்த்துவிட்டு, “பார்டர் சரி, ஜரிகை இன்னும் பித்தளை மாதிரி இருக்கே” என்கிறார்.

தாராவித் தம்பி:
340 எனக்கு இன்னும் அதிகம்தான். ஜரிகைக்குக் காரணம் கடையின் ட்யூப் லைட், அண்ணாச்சி. காலையில் வாசலில் வைத்து எடுங்கள்.