அத்தானின்ர முழங்காலுக்கு 0 வீதம் எண்டு கடிதம் வந்திருக்கு, இனி என்ன செய்யலாம்?

குளக்கட்டு (கிளிநொச்சி):
அக்காவின்ர மனுசன் அமெரிக்கன் ஆமியில 8 வருசம் இருந்தவர், வாகனம் திருத்துற பகுதி. அங்க ட்ரக்கில இருந்து குதிக்கேக்க வலது முழங்கால் திரும்பி, சவ்வு கிழிஞ்சு ஒப்பரேசன் செய்தது. ஆமி மருத்துவக் குறிப்பில எல்லாம் இருக்கு. மாமி ஏலாமல் படுத்ததால போன வருசம் ரெண்டு பேரும் ஊருக்கு வந்திட்டினம். வர முதலே அமெரிக்காவின்ர முன்னாள் படைவீரர் திணைக்களத்துக்கு (VA) காயத்துக்கு நட்டஈடு கேட்டு விண்ணப்பிச்சு, பரிசோதனைக்கும் போட்டுத்தான் வந்தவர். இப்ப கடிதம் வந்திருக்கு: சேவையால வந்த காயம்தான், ஆனா இயலாமை 0 வீதம். காசு இல்லை. இங்க வந்து இருக்கிறதாலதான் வெட்டினவையோ? அவர் "விடு பிள்ளை" எண்டுறார். எனக்கு விட மனமில்லை.

பனிக்காடு (ஒஹாயோ):
ஊரில இருக்கிறதுக்கும் இதுக்கும் தொடர்பில்லை தங்கச்சி. இந்த நட்டஈடு வெளிநாட்டில இருந்தாலும் வரும். சேவையால வந்தது எண்டு ஒத்துக்கொள்ள வைக்கிறதுதான் பெரிய பாடு, அது முடிஞ்சுது. மிச்சம், முழங்கால் எவ்வளவு மடியுது எண்ட பாகைக் கணக்கு. நல்ல முழங்கால் 140 பாகை மடியும். 45க்கு மேல மடியாட்டில் 10 வீதம், 30 எண்டால் 20 வீதம். அந்தளவு இறுகின காலோட ஆக்கள் குறைவு. ஆனா அசைக்கேக்க மூட்டு நோகுது எண்டு பதிவில இருந்தால், பாகை நல்லா இருந்தாலும் 10 வீதம் குடுக்கலாம் எண்டு அவையின்ர விதி 4.59 இருக்கு. 2025 கணக்குக்கு அது மாசம் 175 டொலர் 51 சதமா இருந்தது. நோவைப் பற்றிக் கடிதத்தில என்ன கிடக்கு?

குளக்கட்டு:
"நோ இல்லை எண்டு கூறினார்" எண்டு கிடக்கு அண்ணை! கேட்டால், "எப்பிடி இருக்கிறீர் எண்டு டொக்டர் கேட்டார், ஃபைன் எண்டன்" எண்டுறார். பல்லைக் கடிச்சுக்கொண்டு முழுசா மடிச்சும் காட்டினவராம்.

முறிகண்டியான்:
நல்ல மனுசன்! என்ர இடது முழங்காலுக்க 2009 செல் துண்டு இன்னும் கிடக்கு. பாகை அளக்க ஒருத்தரும் வரேல்லை. பிரதேச செயலகத்தில மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கு அலைஞ்ச கதை வேற இழைக்கு. அத்தானிட்டச் சொல்லுங்கோ, அளக்க ஆள் இருக்கேக்க வாயைத் திறக்கச் சொல்லி.

வவுனியா பிசியோ:
கோனியோமீட்டர் (மூட்டு மடியிற பாகையை அளக்கிற கருவி) வைக்கேக்க எத்தினையாம் பாகையில நோ தொடங்குது எண்டு அந்த இடத்திலயே சொல்லவேணும். வேலை செய்த அண்டு பின்னேரம் எவ்வளவு மோசம் எண்டதும் சேர்த்து. நடக்கேக்க கால் மடங்கி விழப்பாக்குதெண்டால் மறைக்க வேண்டாம், உறுதியின்மைக்குத் தனி வீதம் இருக்கு. அந்தக் காலைக் காப்பாத்தப்போய் மற்றக் காலும் பழுதாகியிருந்தால் அதுக்கும் விண்ணப்பிக்கலாம்.

பனிக்காடு:
உயர்மட்ட மீளாய்வு (Higher-Level Review) கேக்காதேங்கோ, அதில பழைய கோப்பைத்தான் திரும்பப் பாப்பினம், புது ஆதாரம் எடுக்கமாட்டினம். புது ஆதாரத்தோட 20-0995 படிவத்தில துணை விண்ணப்பம் (Supplemental Claim) போடுங்கோ. கடிதத் திகதியில இருந்து ஒரு வருசத்துக்குள்ள போட்டால், வெண்டால் முதல் விண்ணப்பிச்ச திகதியில இருந்தே கணக்குப் பிடிக்கலாம். இப்ப எடுத்த எக்ஸ்ரே, டொக்டரின்ர குறிப்பு வையுங்கோ. 21-10210 எண்ட படிவத்தில வீட்டுக்காரரும் சாட்சி எழுதலாம். "மிகவும் கஷ்டப்படுகிறார்" எண்டு எழுதினால் ஒரு பிரயோசனமும் இல்லை. கண்டதை எழுதுங்கோ.

குளக்கட்டு:
மூண்டு நாள் அவருக்குத் தெரியாமல் பாத்தன். எழுதினது இதுதான், அக்காவின்ர மகள் இங்கிலீசில மாத்தித் தருவாள்: "காலமை கக்கூசில குந்த ஏலாமல், பிளாஸ்ரிக் கதிரையின்ர நடுவை வெட்டி வைச்சிருக்கிறார். கிணத்துக்கட்டில இடது காலை முதல் வைச்சு, வலதைக் கையால தூக்கி வைக்கிறார். செவ்வாய்க்கிழமை வயல் வரம்பில கால் மடங்கி ரெண்டு தரம் வாய்க்காலுக்க இறங்கிட்டார். இரவு மாமிக்கு மருந்து குடுக்க எழும்பேக்க கட்டில் சட்டத்தைப் பிடிச்சு, மூச்சை அடக்கிக்கொண்டு நிண்டவர். நான் முழிச்சிருந்தது அவருக்குத் தெரியாது." போதுமோ?

பனிக்காடு:
போதும். அந்தக் கதிரையைப் படமெடுத்தும் வையுங்கோ.

குளக்கட்டு:
கதிரைப் படத்துக்குத்தான் இப்ப வீட்டில சண்டை நடக்குது.