பாம்புக்கடி பாத்வே ஷீட்: ஒரே பக்கத்தில் எதையெல்லாம் வைப்பது?

கூடலூர் நர்ஸ்:
கம்பம்மெட்டு, குமுளி வழியா ஏலத்தோட்டத்துக்குப் போய் வர்றவங்க கடிபட்டா, ஜீப் முதல்ல வந்து நிக்கிறது இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியிலதான். நாலு பக்க புரோட்டோகால் சுவத்துல தொங்குது, நைட் டூட்டியில நின்னு படிக்க யாருக்கும் நேரமில்ல. கேஸ் ஷீட்டோட சேர்த்துக் குத்துற மாதிரி, எதை எப்போ செய்யணும்னு வரிசையாச் சொல்ற பாத்வே ஷீட்டை ஒரே பக்கத்துல போடணும். எந்தக் கட்டங்கள் கட்டாயம்? டிக் போதுமா?

எமர்ஜென்சி எம்.ஓ (மெடிக்கல் ஆபீசர்):
டிக் வேண்டாம் சிஸ்டர், நேரம் எழுதுற கட்டமா போடுங்க. டிக்கை டிஸ்சார்ஜ் அன்னிக்கு உட்கார்ந்து மொத்தமா அடிச்சுடலாம்.

மேல் வரி: கடிபட்ட நேரம், வந்த நேரம், கட்டு இருந்ததா. இறுகக் கட்டின கயித்தைச் சட்டுனு அவிழ்க்கக் கூடாது, நரம்புல ஊசி லைன் போட்டு, விஷமுறிவு மருந்தைக் கையில வச்சுக்கிட்டு அவிழ்க்கணும்னு அதுக்குப் பக்கத்துலயே அச்சடிச்சிடுங்க.

அடுத்தது விஷமுறிவு மருந்து. விஷம் ஏறின அறிகுறி இருந்தாத்தான் போடணும். பல் பட்ட தடம் மட்டும் இருந்தா போட வேண்டாம். முதல் டோஸ் 10 வயல் (சின்ன மருந்துக் குப்பி). தூளா வரும், வயலுக்கு 10 மிலி டிஸ்டில்டு வாட்டர். குலுக்கினா நுரை கட்டும், உருட்டிக் கரைக்கணும். சலைன்ல கலந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஏத்தி முடிக்கணும். ஒவ்வாமை பார்க்கிற டெஸ்ட் டோஸ் கிடையாது. பாட்டிலைத் திறக்கும் முன்னாடியே அட்ரினலின் 0.5 மிகி சிரிஞ்சுல ஏத்தித் தட்டுல இருக்கணும். அதுக்குத் தனிக் கட்டம், தனிக் கையெழுத்து. மருந்து ஒத்துக்காம தடிப்பும் மூச்சிரைப்பும் வந்தப்புறம் ஆம்பியூலைத் தேடுறதுலதான் காரியம் கெடுது.

லேப் டெக்னீசியன்:
ரத்தம் உறைதல் டெஸ்டுக்கும் இடம் விடுங்க. 2 மிலி ரத்தம், காய்ஞ்ச சுத்தமான கண்ணாடிக் குழாய், 20 நிமிஷம் தொடாம வச்சு ஒரே தடவை சாய்ச்சுப் பார்க்கணும். பிளாஸ்டிக் குழாயிலயும், சோப்புத் தூள் போட்டுக் கழுவின குழாயிலயும் நல்ல ரத்தம்கூட உறையாது. விஷம் ஏறிடுச்சுன்னு மருந்தை வீணா ஏத்திடுவீங்க. சந்தேகம்னா கூட வந்தவர் ரத்தத்தை இன்னொரு குழாயில வச்சு ஒப்பிடுங்க.

உறைஞ்சிருந்தா முதல் 3 மணி நேரம் மணிக்கு ஒரு தடவை, அப்புறம் 24 மணி நேரம் வரை 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பாருங்க. மருந்து ஏத்தினவங்களுக்கு 6 மணி நேரம் கழிச்சு. ஈரல் உறைபொருளைத் திரும்பச் செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும். நடுவுல பார்த்துட்டு ‘இன்னும் உறையல’ன்னு அடுத்த 10 வயலை உடைக்கிறது வீண்.

இடுக்கி டாக்டர்:
பாம்புப் பேரை எழுதும்போது ரெண்டு பாஷையும் இருக்கட்டும். தோட்டத்து ஆட்கள் அணலின்னா கண்ணாடி விரியன், சங்குவரயன்னா கட்டுவிரியன். ‘சுருட்டை’ன்னு சொன்னா மட்டும் அப்படியே நம்பிடாதீங்க. சுருட்டை விரியன் காஞ்ச பாறை நிலத்துப் பாம்பு. ஈரமான ஏலக்காட்டுல இலைச் சருகுக்குள்ள கிடக்கிற சின்ன பழுப்புப் பாம்பு, மூக்கு நுனி மேல் தூக்கியிருந்தா, முழமூக்கன் குழிவிரியனா இருக்கலாம். நம்ம மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நாலோட விஷத்துக்குத்தான், குழிவிரியன் விஷத்துக்கு வேலை செய்யாது. முறைப்படி ஏத்தியும் ரத்தம் உறையலன்னா வயல் எண்ணிக்கையைக் கூட்டிக்கிட்டே போகாம, மணிக்கணக்கு மூத்திர அளவு, கிட்னி நிலையைக் காட்டுற கிரியாட்டினின் பார்த்து டயாலிசிஸ் உள்ள இடத்துக்கு அனுப்புங்க.

அதனால ஷீட்டுல ‘முறையிலிருந்து விலகினோம், காரணம்’னு ரெண்டு வரி காலியா இருக்கணும். அந்த இடம் இல்லாத பாத்வேயில, பொருந்தாத நோயாளியையும் கட்டத்துக்குள்ள திணிச்சிடுவாங்க.

கூடலூர் நர்ஸ்:
நன்றி டாக்டர். குழந்தைகளுக்கு மருந்து அளவு? தேனிக்கு அனுப்பும்போது ஷீட்டைக் கிழிச்சுக் கொடுத்துடலாமா?

எமர்ஜென்சி எம்.ஓ:
குழந்தைக்கும் அதே 10 வயல். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைச்சு விடாது. கலக்குற சலைன் மட்டும் எடைக்கு ஏத்தபடி குறையும். அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மிகி.

கார்பன் வச்சு ரெண்டு காப்பி எடுங்க, ஒண்ணு ஆம்புலன்ஸோட போகட்டும். இமை சரிய ஆரம்பிச்சவரை அனுப்பினா மூச்சு நின்னா கையால அழுத்தி மூச்சு கொடுக்கிற ஆம்பு பேக் பிடிக்கத் தெரிஞ்சவர் கூடப் போகணும். அவர் பேருக்கும் ஒரு கட்டம் போடுங்க.