‘ஃபேர்’ என்ற சொல்லை எந்த வரிசையில் சொல்லிக்கொடுக்கலாம்?

வணக்கம். மாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ‘ஃபேர்’ என்ற பெயரடையில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

‘ஃபேர் பிரைஸ் ஷாப்’ உடனே பிடிபட்டது, ரேஷன் கடைதானே! ‘ஃபேர் காப்பி’ அடித்தல் திருத்தல் இல்லாத படி, ‘ஃபேர் ஹேர்’ வெளிர் நிற முடி, இதுவரை சரி. ‘எ ஃபேர் அமவுண்ட்’ வந்ததும் சிக்கல். நியாயமான அளவா என்று கேட்கிறார்கள். கணிசமான அளவு என்றால் முழிக்கிறார்கள். மதிப்பெண் அட்டையில் ‘ஃபேர்’ என்று போட்டால் சுமார்தான் என்பதை நம்பவே மாட்டேன் என்கிறார்கள். (நடுவில் சிவப்பழகு க்ரீம் விளம்பரம் வேறு.)

எந்தப் பொருளில் தொடங்கினால் மற்றவை தானாக ஒட்டும்? வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், பஸ் கட்டணத்தைக் குறிக்கும் ‘ஃபேர்’ உச்சரிப்பில் ஒன்றுதான், எழுத்து வேறு. அதையும் இப்போதே சொல்லிவிடலாமா?